பறி

எங்கள் கம்பெனியின் பெயர் ஒரே அசை.
எஸ்தோனியக் கரையில் அதற்குப் பொருள் பறி:
வாய் அகன்று, கழுத்து குறுகி,
உள்ளே போன மீனுக்கு
வந்த வழி மறந்துபோகும் கூடு.
பெயரின் நடுவே ஓர் உயிரெழுத்து,
அதன் தலைமேல் சின்ன அலை.
நான் வோரு ஊர்க்காரி. என் ஊர்ப்பெயரிலேயே
அந்த எழுத்து உட்கார்ந்திருக்கிறது.
சாரெமா தீவுக்காரர்களுக்கோ
அது நாக்கில் ஏறாது.
அலையைத் தட்டிவிட்டு
இரண்டு புள்ளி வைத்துத்தான் பேசுவார்கள்.
அக்கரைக்காரர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.
நானும் சிரித்திருக்கிறேன்,
முதலாளி ஊர்வெயின் முகத்துக்கு நேரே.

பதினோரு வருடம் முன்பு
இணைய முகவரி வாங்கியது நான்தான்.
அலை போட்டது ஒன்று,
எதுவும் போடாதது ஒன்று.
"இதையும் சேர்த்துக்கொள்ளலாமே" என்று
திரை ஒரு கட்டம் காட்டியது:
இரட்டைப் புள்ளி, வருடத்துக்கு ஏழு யூரோ.
தப்பாக எழுதுகிறவனுக்காக நாம் ஏன் காசு கட்டுவது?
கட்டத்தை வெறுமையாக விட்டேன்.
அன்று மதியம் புகைபோட்ட தட்டைமீன் சாப்பிட்டேன்,
நன்றாக நினைவிருக்கிறது, முள்கூட.

போன மார்ச்சில் வல்தூர் கூப்பிட்டான்.
படகுத்துறைச் சிற்றுண்டிக் கடை அவனுடையது.
"புது வங்கிக் கணக்கில் பணம் போட்டாயிற்று,
பெட்டிகள் எப்போது வரும்?"
எந்தப் புது வங்கி?
நாலாயிரத்து இருநூற்று அறுபது யூரோ.
பில்லில் எங்கள் சின்னம், எங்கள் மீன்,
"அன்புடன்" என்பதற்குப் பின் நான் போடும்
தேவையில்லாத காற்புள்ளி உட்பட.
அனுப்பிய முகவரியில் மட்டும்
அலை இல்லை. இரண்டு புள்ளி,
இமைக்காத இரண்டு கண்.

"பார்க்கவில்லையா வல்தூர்?"
"பார்த்தேனே. சரியாகத்தானே இருந்தது."
அவன் வாயில் அந்தச் சொல்
பிறந்ததிலிருந்து அப்படித்தான்.
இத்தனை வருடமும்
நாங்கள்தான் தப்பாக எழுதுகிறோம் என்பதை
மரியாதைக்குச் சொல்லாமல் இருந்திருக்கிறான்.

தகராறுக் குழுவுக்கு மனு எழுதினேன்.
பதினேழு பக்கம். வணிகச் சின்னப் பதிவு,
பழைய லேபிள்கள்,
உப்புக்கறை படிந்த முதல் ரசீது.
எதிர்த்தரப்புக்கு முகம் கிடையாது.
ஒரு தபால்பெட்டி எண், மூன்று வரி பதில்:
"இது அகராதிச் சொல்.
பறி யாருக்கும் சொந்தமில்லை.
நீங்களும் கடலோரத்தில் எடுத்ததுதானே."

ஊர்வெ அதை இரண்டு முறை படித்தாள்.
"திருடன்தான்," என்றாள், "ஆனால் இதில் பொய் இல்லை."
ஆல்டர் விறகை அடுப்புக்குள் தள்ளினாள்.
அந்தப் பெயரை அவள் எடுத்தது
கொட்டகையில் தொங்கிய ஓட்டைக் கூட்டிலிருந்து.
அதை முடைந்தவன் யாரென்று
அவளுக்கே தெரியாது.
இதை மனுவில் சேர்க்கவா என்று கேட்டேன்.
வேண்டாம் என்றாள்.

ஜெயித்தோம். தீர்ப்பு வந்த அன்று மழை.
முகவரி திரும்பியது, பணம் திரும்பவில்லை.
மூன்று நாடு தாண்டி
எங்கோ ஆழத்தில் கரைந்துவிட்டது.
பறி எங்களுடையது. பறிகொடுத்ததும் நாங்களே.
வல்தூருக்குப் பெட்டிகளை அனுப்பினோம்,
நஷ்டம் பாதி உனக்கு, பாதி எங்களுக்கு என்று.
ஒரு வாரம் அவன் பேசவில்லை. பிறகு
கூடுதலாகப் பத்துப் பெட்டி கேட்டான்.

பிடிபட்ட முகவரியை மூடிவிடலாம் என்றேன்.
ஒரு மாதம் சும்மா திறந்து வை என்றாள் ஊர்வெ.
வருகிறவர்களை எண்ணினேன்.
நூற்றுக்கு நாற்பத்தொரு பேர்
இரண்டு புள்ளி தட்டி வருகிறார்கள்,
பெரும்பாலும் தீவு விலாசங்கள்.
இத்தனை காலம் வாசலில் நின்று தட்டி,
அப்படி யாரும் இங்கில்லை என்ற
வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துத்
திரும்பிப் போயிருக்கிறார்கள்.

இப்போது வருடத்துக்கு ஏழு யூரோ கட்டுகிறேன்.
கணக்கில் அதை எந்தத் தலைப்பில் எழுதுவது?
பாதுகாப்பு என்று எழுதினேன், அடித்தேன்.
விளம்பரம் என்று எழுதினேன், அதையும் அடித்தேன்.
ஊர்வெ தோளுக்குமேல் எட்டிப் பார்த்து
அவள் உச்சரிப்பில் எங்கள் பெயரைச் சொன்னாள்.
நான் திருத்தவில்லை.